400ஆ, 422ஆ, 409ஆ: பிழை வந்தால் எந்த எண்ணைத் திருப்பி அனுப்புவது?

வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிய ஒரு மாடியில் இருந்து வேலை செய்கிற சிறிய குழு நாங்கள். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் பக்கம் போகிற இரவு பஸ்களுக்கு ஆசன முற்பதிவு செய்யும் சேவை ஒன்றைப் பராமரிக்கிறோம். பின்னால் ஓர் ஏபிஐ, அதாவது ஆப்கள் கோரிக்கை அனுப்பிப் பதில் வாங்குகிற நிரல் வாசல். முன்னால் பயணிகளின் போன் ஆப், முகவர்களின் வெப் பக்கம், நடத்துனரின் கையில் இன்னொரு ஆப். அந்த ஏபிஐயைத் திரும்ப எழுத உட்கார்ந்தபோது நாங்கள் அதிக நேரம் வாதாடிய விஷயம் டேட்டாபேஸ் அல்ல, பாதுகாப்பும் அல்ல. ஏதாவது பிழை நடந்தால் எந்த எச்டிடிபி எண்ணைத் திருப்பி அனுப்புவது என்பதுதான். ஒவ்வொரு பதிலோடும் சேர்வர் அனுப்புகிற மூன்றிலக்க நிலை எண் அது: 2இல் தொடங்கினால் வெற்றி, 4இல் தொடங்கினால் கேட்டவர் பக்கத்துப் பிழை, 5இல் தொடங்கினால் சேர்வர் பக்கத்துப் பிழை.

அந்த வாதத்துக்கு நியாயமான காரணம் இருந்தது. நல்லூர்த் திருவிழாக் காலத்து ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஆசனத்துக்கு அடிபிடியான நேரத்தில், ஒரு பயணியின் வங்கி அட்டையில் இரண்டு தடவை பணம் கழிந்துவிட்டது. ஆசனம் ஒன்றுதான். அன்றிரவு லொக் கோப்புகளைத் தோண்டியபோது காரணம் ஒரு மூன்றிலக்க எண் என்று தெரிந்தது. எங்கள் சேர்வர் 504 என்று சொல்லியிருக்கிறது. ஆப் அதை "நடக்கவில்லை, இன்னொரு தடவை அனுப்பு" என்று விளங்கிக்கொண்டிருக்கிறது. முழுக் கதையைப் பின்னால் சொல்கிறேன். இந்த எண்கள் பணத்தைத் தொடுகின்றன என்பதை மட்டும் இப்போதைக்கு மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இரவுக்குப் பிறகு நான் ஒரே ஓர் அளவுகோலைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். இந்த எண்ணை மனிதர் யாரும் வாசிப்பதில்லை. அதை வாசிப்பது ஆப்பின் கோட், நடுவில் நின்று கோரிக்கைகளைக் கடத்துகிற ப்ரொக்ஸி, பதில்களைச் சேமித்துவைத்துத் திருப்பித் தருகிற கேஷ், இரவில் எங்களை எழுப்புகிற கண்காணிப்புக் கருவி. இவை எல்லாம் அந்த எண்ணைப் பார்த்து அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கின்றன. ஒரு கிளையண்ட் (கோரிக்கை அனுப்புகிற பக்கம்) செய்யக்கூடியதும் சில காரியங்கள்தான்: திருத்தி அனுப்பலாம், லொகின் செய்து அனுப்பலாம், காத்திருந்து அனுப்பலாம், அனுப்பாமல் விட்டுவிடலாம், அல்லது "முதலில் அனுப்பியது என்ன ஆயிற்று?" என்று கேட்கலாம். ஆகவே இரண்டு எண்களுக்கு இடையில் தடுமாறும்போது, இரண்டுக்கும் எதிர்ப்பக்கம் செய்யப்போவது ஒன்றேயா என்று பாருங்கள். ஒன்றேயானால் எதையாவது எடுத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போகலாம். வேறு வேறு என்றால் அங்கே உட்கார்ந்து யோசிக்கத்தான் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் 200, அல்லது இருக்கிற எண் எல்லாம்

எங்கள் பழைய ஏபிஐ பெரும்பாலும் முதலாவது வகை. ஆசனம் இல்லையா, 200. கடவுச்சொல் பிழையா, 200. டேட்டாபேஸ் விழுந்துவிட்டதா, அதற்கும் 200. உள்ளே ஜேசன் என்ற தரவு வடிவத்தில் 'சக்ஸஸ்: ஃபோல்ஸ்' என்று ஒரு வரி இருக்கும்.

இந்த வழிக்கும் ஒரு நியாயம் உண்டு. கோரிக்கை சேர்வருக்கு வந்தது, சேர்வர் பதில் சொன்னது, போக்குவரத்து நன்றாகவே நடந்தது. வியாபாரப் பிழை வேறு விஷயம், அதை ஏன் எச்டிடிபியில் கலக்க வேண்டும் என்பார்கள். கிராஃப்கியூஎல் என்ற கேள்வி மொழியைப் பாவிக்கிற சேர்வர்கள் பல 200 அனுப்பி, உள்ளே பிழைகளுக்கென்று ஒரு பட்டியல் வைக்கின்றன. சேவைகள் ஒன்றையொன்று அழைக்கிற ஜிஆர்பிசி என்ற முறை இன்னும் தெளிவானது: எச்டிடிபி அளவில் 200, உண்மையான நிலை பதிலின் கடைசியில் வருகிற ட்ரெய்லர் என்ற குறிப்பில். ஆனால் ஜிஆர்பிசிக்கு அந்த ட்ரெய்லரை வாசிக்கத் தெரிந்த லைப்ரரிகளும் கருவிகளும் கூடவே வருகின்றன. எங்கள் 'சக்ஸஸ்: ஃபோல்ஸ்' வரியை எங்கள் ஆப்பைத் தவிர உலகத்தில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது. வித்தியாசம் அதுதான்.

விளைவு எப்படி இருந்தது? ஒருநாள் பின்னிரவு முழுக்க ஒரு பதிவும் நடக்கவில்லை. கண்காணிப்புத் திரையில் எல்லாம் பச்சை. இன்னொரு நாள் ஆசனப் பட்டியலைத் தருகிற ஏபிஐ முகவரி ஒரு கணம் தடுக்கி விழுந்தது. அந்த மறுமொழியில் ஐந்து நிமிடம் கேஷ் செய்யலாம் என்ற ஹெடர் (பதிலோடு போகிற குறிப்பு வரி) வழமைபோல இருந்தது, எண்ணும் 200. நடுவில் இருந்த சிடிஎன் (பதில்களைச் சேமித்துப் பயனர்களுக்கு அருகிலிருந்து கொடுக்கிற சேவை) அதை நல்ல பதில் என்று நம்பி, அடுத்த ஐந்து நிமிடமும் அந்தப் பஸ்ஸைப் பார்த்த எல்லோருக்கும் பிழைச் செய்தியையே கொடுத்தது. சிடிஎன்னில் குற்றம் இல்லை. நாங்கள் சொன்னதைத்தான் அது செய்தது.

முன்பக்கம் எழுதுகிற தம்பி ஒருவர் வேறு விதமாகக் கேட்டார்: "அக்கா, ஃபெட்ச் எப்படியும் 404க்கும் 500க்கும் எரர் எறியாதே. பிறகு எந்த எண் வந்தால் என்ன?" அவர் சொன்னது சரி. பிரௌசரில் கோரிக்கை அனுப்புகிற கட்டளையான ஃபெட்ச், நெட்வேர்க் விழுந்தால் மட்டும்தான் நிராகரிக்கும். எண் 200க்கும் 299க்கும் இடையிலா என்பதை 'ஓகே' என்ற பண்பைப் பார்த்து நாமே அறிய வேண்டும். ஆக்ஸியோஸ் என்ற லைப்ரரி, எண் 2 வரிசைக்கு வெளியே வந்தாலே எரர் எறிந்துவிடும். ஆனால் அது ஆப்பின் ஒரு வரி வேலை. நடுவில் நிற்கிறவர்களுக்கு நாம் ஒரு வரியும் எழுதிக் கொடுக்க முடியாது. அவர்களுக்குத் தெரிந்த ஒரே மொழி இந்த எண்.

மற்ற அந்தத்தில், இருக்கிற எண் எல்லாம் வேண்டும் என்று நின்ற நண்பர் ஒரு பெரிய அட்டவணையே போட்டு வந்தார். இன்னொருவர் பிடித்து வைத்திருக்கிற ஆசனத்துக்கு 423, முந்தைய படி தோற்றால் 424, எதிர்பார்ப்பு நிறைவேறாவிட்டால் 417. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் 423உம் 424உம் கோப்புகளை வெப் வழியே திருத்துவதற்கான வெப்டாவ் என்ற எச்டிடிபி நீட்சிக்குரியவை. 417 'எக்ஸ்பெக்ட்' என்ற ஹெடரைப் பற்றியது, பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது. இதைவிட முக்கியமான விதி ஒன்று உண்டு: தனக்குத் தெரியாத எண் வந்தால் கிளையண்ட் அதை அந்த வரிசையின் 00 போல நடத்த வேண்டும். தெரியாத 423 வந்தால் 400, தெரியாத 507 வந்தால் 500. அப்படியானால் எதிர்ப்பக்கத்தில் யாருக்கும் தெரியாத எண்ணை அனுப்பி நாம் பெற்றது ஒன்றுமில்லை. 423ஐ மட்டும் இரண்டு நாள் விடாமல் காத்தார். பிறகு அவரே அழித்தார்.

ஆகவே நடுவழி. பத்துப் பதினைந்து எண்கள், ஒவ்வொன்றுக்கும் ஆப் என்ன செய்யும் என்று பக்கத்திலேயே எழுதி வைத்த பட்டியல். சிக்கல் எல்லாம் அந்தப் பட்டியலுக்குள் எது எங்கே என்பதில்தான்.

400, 422

இந்தச் சண்டை அதிகம் பேர் போடுவது, குறைவாகப் போட வேண்டியது.

1999இல் வந்த எச்டிடிபி விதி ஆவணமான ஆர்எஃப்சி 2616இல் 400 என்றால் கோரிக்கையின் இலக்கணமே பிழை, சேர்வருக்கு விளங்கவில்லை என்று பொருள். இலக்கணம் சரி, பொருள்தான் பிழை என்பதைச் சொல்ல அங்கே பொதுவான எண் இல்லை. வெப்டாவில் இருந்த 422ஐப் பலர் எடுத்துக்கொண்டார்கள். 2014இல் ஆர்எஃப்சி 7231 வந்தபோது 400இன் பொருள் அகன்று, கிளையண்ட் பக்கத்துப் பிழை என்று சேர்வர் கருதுகிற எதற்கும் பொருந்துவதாயிற்று. 2022 ஜூனில் வந்த ஆர்எஃப்சி 9110, 422ஐயும் மையப் பட்டியலுக்குள் சேர்த்துக்கொண்டது. ஆக இன்றைக்கு இரண்டும் சட்டப்படி சரி. ஏபிஐ எழுத உதவுகிற ஆயத்தச் சட்டகங்களான ஃபிரேம்வொர்க்குகளில் ஜாங்கோ ரெஸ்ட் ஃபிரேம்வொர்க், ஸ்பிரிங், ஏஎஸ்பி டாட்நெட் கோர் ஆகியவை சரிபார்ப்புப் பிழைக்குத் தாமாகவே 400 தருகின்றன. லாராவெலும் ஃபாஸ்ட்ஏபிஐயும் 422. உங்கள் ஃபிரேம்வொர்க் எதைத் தருகிறதோ அதோடு போவது பெரும்பாலும் நல்ல முடிவு.

நாங்கள் இரண்டையும் பிரித்தே வைத்தோம். அடையாள அட்டை இலக்கம்தான் அதற்கு உதாரணம். பழைய இலக்கம் ஒன்பது இலக்கமும் வி அல்லது எக்ஸ் என்ற எழுத்தும். 2016இலிருந்து வழங்கப்படும் புதியது பன்னிரண்டு இலக்கம். பிறந்த வருடத்துக்கு அடுத்து வருகிற மூன்று இலக்கமும் அந்த வருடத்தில் பிறந்த நாளைக் குறிக்கும்; பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். இப்போது ஒரு பயணி பன்னிரண்டு இலக்கமும் சரியாக அடிக்கிறார், ஆனால் நாள் இருக்க வேண்டிய இடத்தில் 400 இருக்கிறது. ஆணுக்கு 366க்கு மேல் போகாது, பெண்ணுக்கு 501இல்தான் தொடங்கும். அப்படி ஓர் அட்டை இருக்க முடியாது. ஜேசன் ஒழுங்காக வந்தது, இலக்கமும் எண்ணிக்கைப்படி சரி, பொருள்தான் இல்லை. அது 422. ஆப் அந்தப் பெட்டியின் கீழே சிவப்பில் காட்டும், பயணி திருத்துவார்.

ஜேசனே உடைந்து வந்தால்? பயணி என்ன செய்வார், பாவம். அவர் ஜேசன் எழுதவில்லை, நாங்கள்தான் எழுதினோம். அது 400. ஆப்பின் புதிய பதிப்பு வெளியான மறுநாள் வரைபடத்தில் 400 ஏறினால் ஆப்பில் பிழை என்று உடனே தெரிகிறது. 422 ஏறினால் ஒரு பெட்டியின் விளக்கம் மக்களுக்குப் புரியவில்லை என்று தெரிகிறது. இரண்டும் வெவ்வேறு ஆட்களின் வேலை. பிரித்ததன் பலன் இவ்வளவுதான். இந்தப் பலன் உங்களுக்குத் தேவையில்லை என்றால் 400 ஒன்றே போதும். (ஃபாஸ்ட்ஏபிஐ பாவிக்கிறவர்கள் கவனிக்க: அது உடைந்த ஜேசனுக்கும் 422தான் தரும். பிரிக்க வேண்டுமானால் நீங்களே கைவைக்க வேண்டும்.)

401, 403, 404

இங்கே அலட்சியமாக இருக்க முடியாது, ஏனென்றால் மூன்றுக்கும் ஆப் செய்வது மூன்று வேறு காரியம்.

401இன் ஆங்கிலப் பெயர் அனுமதி இல்லை என்ற பொருள் தருவதால் குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. உண்மையில் அது "நீங்கள் யார் என்று எனக்குத் தெரியவில்லை" என்று சொல்கிறது. 403, "யார் என்று தெரியும், ஆனால் இது உங்களுக்கு இல்லை" என்கிறது. 401 அனுப்பினால் எப்படி அடையாளம் காட்ட வேண்டும் என்று சொல்கிற ஹெடரையும் கட்டாயம் சேர்த்து அனுப்ப வேண்டும். அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

எங்கள் ஆப்கள் 401 கண்டால் டோக்கனை (லொகின் செய்ததற்கான தற்காலிக அடையாளச் சீட்டை) புதுப்பித்து அதே கோரிக்கையைத் திரும்ப அனுப்பும். பயணிக்குத் தெரியாமலே நடந்து முடியும், வசதியானது. ஆனால் பழைய கோடில் ஒரு முகவர் இன்னொரு முகவரின் பதிவை ரத்துச் செய்யப் பார்த்தாலும் 401தான் போயிற்று. ஆப் டோக்கனைப் புதுப்பித்தது, அனுப்பியது, மறுபடி 401, மறுபடி புதுப்பித்தது. கடைசியில் லொகின் பக்கத்துக்கே தள்ளிவிட்டது. யாழ்ப்பாணத்து முகவர் ஐயா ஒருவர் காலை ஏழு மணிக்கே அழைத்தார்: "பிள்ளை, உங்கட ஆப் என்னை வெளியில தள்ளிக்கொண்டே இருக்கு, என்ர கணக்கை மூடிப்போட்டியளோ?" கணக்கை யாரும் மூடவில்லை. 403 அனுப்ப வேண்டிய இடத்தில் 401 அனுப்பியிருந்தோம். ஒரு எண் பிழைத்ததில் அந்த மனிதர் அரை மணித்தியாலம் பயந்திருக்கிறார். எனக்கு அது இன்றைக்கும் மனதில் நிற்கிறது.

404 வருவது இன்னொரு காரணத்துக்காக. ஒருவர் தன்னுடையதல்லாத பதிவு இலக்கத்தைக் கேட்டால் 403 சொல்வதா, 404 சொல்வதா? 403 சொன்னால் அப்படி ஒரு பதிவு இருக்கிறது என்பதை உறுதிப்படுத்திக் கொடுத்துவிடுகிறோம். இலக்கங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறவருக்கு அதுவே போதுமான தகவல். இருப்பதையே மறைக்க விரும்பினால் 404 சொல்லலாம் என்று ஆர்எஃப்சியே அனுமதிக்கிறது. கோட் சேமிக்கிற தளமான கிட்ஹப் தனியார் களஞ்சியங்களுக்கு அப்படித்தான் செய்கிறது. எங்கள் பதிவுகளில் பயணியின் பெயர், போன் இலக்கம், அடையாள அட்டை இலக்கம் இருக்கின்றன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் ஒரு பெண் எந்த இரவு எந்தப் பஸ்ஸில் போகிறாள் என்பது மறைத்து வைக்க வேண்டிய விஷயம்தான். ஆகவே பயணிகளின் பதிவுகளுக்கு 404. முகவர்களின் வெப் பக்கத்தில், எல்லோருக்கும் தெரிந்த பஸ்களின் மேல் அனுமதி இல்லாத வேலைக்கு 403. மறைக்க எதுவும் இல்லாத இடத்தில் 404 சொன்னால் முகவர் இலக்கத்தைத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்ப்பார், பிறகு எங்களைத்தான் அழைப்பார்.

404இல் இன்னொரு சிறிய கண்ணி. கேஷ் பற்றி நாம் எதுவும் சொல்லாவிட்டால் 404ஐத் தம் கணிப்பில் சேமித்துவைக்க கேஷ்களுக்கு உரிமை உண்டு. நாளைக்குப் போடப்போகிற விசேட பஸ்ஸின் பக்கத்தை இன்றைக்கே ஒருவர் திறந்து பார்த்தால், பஸ் போட்ட பிறகும் சில நேரம் "இல்லை" என்றே வரலாம். கேஷ் ஹெடரைத் தெளிவாக எழுதிவிட்டால் முடிந்தது.

ஆசனம் போய்விட்டது: 409, 410, 412

எங்கள் சேவையின் இதயமே இதுதான். இரண்டு பேர் ஒரே ஜன்னல் ஆசனத்தை ஒரே கணத்தில் தொடுகிறார்கள். ஒருவருக்குக் கிடைக்கும். மற்றவருக்கு என்ன எண்?

422 என்றார் ஒருவர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பயணி ஒரு பிழையும் செய்யவில்லை. அவர் அனுப்பியது ஒரு விநாடிக்கு முன் முழுக்கச் சரி. ஆசனத்தின் நிலைதான் மாறிவிட்டது. கோரிக்கை சரி, தற்போதைய நிலையோடு மோதுகிறது, பயணி பார்த்து வேறு தெரிவு செய்து திரும்ப அனுப்பலாம் என்ற இடத்துக்கென்றே இருப்பது 409. ஆப்பும் இரண்டுக்கும் வேறு விதமாக நடக்கும்: 422க்கு படிவத்தைத் திருத்தச் சொல்லும், 409க்கு ஆசன வரைபடத்தைப் புதிதாக எடுத்து வந்து காட்டும். சிவப்பு எழுத்தில் "தவறான ஆசனம்" என்று காட்டி மக்களைத் தாங்கள்தான் பிழை செய்தோம் என்று நினைக்கவைக்கக் கூடாது.

பணம் கட்டும் வரைக்கும் ஆசனத்தைப் பத்து நிமிடம் பிடித்துவைக்கிறோம். அந்தப் பிடிப்புக்குத் தனி முகவரி உண்டு. நேரம் கடந்துபோனால் 404 சொல்லலாம், 410உம் சொல்லலாம். முகவரி எழுதியது பிழையா, இல்லை நேரம் கடந்துவிட்டதா என்று 404இல் தெரியாது. 410 என்றால், இருந்தது, போய்விட்டது, இனி வராது. ஆப் நேரே ஆசன வரைபடத்துக்குத் திரும்பிப் போகிறது. எங்களுக்கு 410 நன்றாகப் பொருந்தியது.

412 நடத்துனரின் ஆப்பில் மட்டும். பயணிகள் பட்டியலை இரண்டு போன்களில் ஒரே நேரத்தில் திருத்தும்போது, ஒவ்வொருவரும் தாம் பார்த்த பதிப்பின் அடையாளத்தை ஈடேக் ஆக 'இஃப்-மேட்ச்' ஹெடரில் அனுப்புகிறார்கள். பதிப்பு மாறியிருந்தால் 412. அந்த ஹெடரே இல்லாமல் வந்தால், 2012இல் ஆர்எஃப்சி 6585இல் சேர்க்கப்பட்ட 428. ஹெடர் மூலம் நிபந்தனை வைத்தால் 412, இல்லாமல் வருகிற மோதலுக்கு 409 என்று பிரித்துக்கொள்ளலாம்.

அட்டை மறுக்கப்பட்டால் 402. இந்த எண்ணை ஆர்எஃப்சி எதிர்காலப் பாவனைக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறது, ஆகவே தொடக்கூடாது என்பவர்கள் உண்டு. பணம் வசூலிக்கும் சேவையான ஸ்ட்ரைப் பல காலமாக இதைத்தான் பாவிக்கிறது. பயணி வேறு அட்டை போட வேண்டும், படிவத்தைத் திருத்த வேண்டியதில்லை என்று ஆப்புக்குச் சொல்ல எங்களுக்கு ஓர் எண் தேவைப்பட்டது. தெரியாத கிளையண்ட் அதை 400 ஆகவே நடத்தும், தீங்கில்லை. எடுத்துக்கொண்டோம்.

429, 503, பிறகு அந்த 504

429 என்றால் "நீங்கள் அதிகம் அனுப்புகிறீர்கள்". 503 என்றால் "என்னால் இப்போது ஒருவருக்கும் முடியவில்லை". இரண்டுக்கும் 'ரீட்ரை-ஆஃப்டர்' ஹெடரில் எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும் என்று சொல்லலாம். ஆப் இரண்டுக்கும் காத்திருந்துதான் அனுப்புகிறது. ஆனால் எங்கள் பக்கத்தில் 503 ஆட்களை எழுப்பும், 429 எழுப்பாது. அதனால் பிரித்தே வைக்க வேண்டும். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: ஐபி முகவரியை வைத்து எண்ணி 429 அனுப்பாதீர்கள். மொபைல் வலையமைப்புகளில் பல நூறு போன்கள் ஒரே பொது முகவரியின் பின்னால் நிற்கலாம். பண்டிகைக்கு ஊருக்குப் போக ஆளுக்கொரு தடவை அழுத்தியவர்கள் எல்லோரும் ஒரே ஆளாகத் தெரிவார்கள். கணக்கை வைத்தோ டோக்கனை வைத்தோ எண்ணுங்கள்.

இப்போது அந்த வெள்ளிக்கிழமை. எங்கள் சேர்வருக்கு முன்னால் எஞ்ஜின்எக்ஸ் என்ற ப்ரொக்ஸி நிற்கிறது. பின்னால் இருந்து 60 விநாடிக்குப் பதில் வராவிட்டால் அது 504 சொல்லிவிடும்; அது அதன் இயல்பு அமைப்பு, நாங்கள் மாற்றவில்லை. அன்று மாலை பணம் வசூலிக்கும் வெளிச் சேவை மெதுவாக இருந்தது. எங்கள் கோட் அதன் பதிலுக்காகக் காத்து நின்றது. 60 விநாடி கடந்ததும் எஞ்ஜின்எக்ஸ் போனுக்கு 504 அனுப்பியது. பின்னால் எங்கள் கோட் இன்னும் காத்துக்கொண்டுதான் இருந்தது. சில விநாடி கழித்துப் பணம் வெற்றிகரமாகக் கழிந்தது. அதற்குள் ஆப் "5 வரிசை எண் வந்தால் திரும்ப அனுப்பு" என்ற விதிப்படி இரண்டாவது கோரிக்கையை அனுப்பிவிட்டது. ஆசனம் அதே பயணியின் பிடியில் இருந்ததால் எங்கள் கோட் தடுக்கவில்லை. அவருடைய சம்பளத்திலிருந்து இரண்டாம் தடவையும் பணம் போனது.

பிழை ஆப்பில் இல்லை. 500, 502, 503, 504 நான்கையும் ஒன்று போல நடத்தியதில் இருந்தது. 503ஐ நாங்கள் வாசலிலேயே, எதையும் தொடுவதற்கு முன் சொன்னால், அது "நான் தொடங்கவே இல்லை" என்ற வாக்குறுதி. திரும்ப அனுப்புவதில் ஆபத்து இல்லை. 504 அப்படி அல்ல. "பின்னால் கேட்டேன், பதில் வரவில்லை, என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது" என்பதுதான் அதன் பொருள். 502உம் 500உம்கூட வேலை பாதி முடிந்த பிறகு வரலாம். படிப்பதற்கான கெட் கோரிக்கை என்றால் நான்குக்கும் திரும்ப அனுப்பலாம். பணம் கழிக்கிற போஸ்ட் என்றால் 503க்கு மட்டும், அதுவும் அந்த வாக்குறுதியை நீங்கள் உண்மையிலேயே காப்பாற்றினால்.

இப்போது மூன்று காரியம் செய்கிறோம். வெளிச் சேவைக்காகக் காத்திருக்கிற நேரத்தை எஞ்ஜின்எக்ஸின் 60 விநாடிக்கு நன்றாகக் கீழே வைத்தோம், பேச வேண்டியது எங்கள் கோடாக இருக்கட்டும் என்று. அந்த நேரம் கடந்தால் 504 சொல்வதில்லை. பதிவை "பணம் உறுதிசெய்யப்படுகிறது" என்ற நிலையில் வைத்து 202 (ஏற்றுக்கொண்டோம், வேலை இன்னும் முடியவில்லை) அனுப்புகிறோம், ஆப் அந்தப் பதிவின் முகவரியைக் கெட் மூலம் கேட்டுக்கொண்டிருக்கும். மூன்றாவது, ஒவ்வொரு கொள்வனவுக்கும் ஆப் ஒரு தனிச் சாவியை உண்டாக்கி ஹெடரில் அனுப்புகிறது. அதே சாவி மறுபடி வந்தால் புதிதாகப் பணம் கழிக்காமல் முதல் முடிவையே திருப்பித் தருகிறோம். முதலாவது இன்னும் முடியாமல் இருந்தால் 409. அதே சாவியோடு வேறு உள்ளடக்கம் வந்தால் 422. இந்த இரண்டு எண்களும் இணைய விதிகளை வகுக்கிற ஐஈடிஎஃப் அமைப்பின் வரைவில் உள்ளபடிதான்.

502இல் ஒரு சிரமம் மிஞ்சுகிறது. வெளிச் சேவை குப்பையான பதிலைத் தந்தால் நாங்கள் 502 அனுப்புகிறோம். எங்கள் கோடே இறந்துகிடந்தால் எஞ்ஜின்எக்ஸும் 502தான் அனுப்பும். இரவு இரண்டு மணிக்கு எழும்புகிறவருக்கு எது என்று தெரிய வேண்டும். எங்களுடையது ஜேசனாக வரும், எஞ்ஜின்எக்ஸுடையது எச்டிஎம்எல் ஆக வரும். கண்காணிப்புக் கருவியை உள்ளடக்க வகையைப் பார்த்துப் பிரிக்கச் சொல்லியிருக்கிறோம்.

எண் சொல்ல முடியாததை உள்ளே சொல்வது

எண்கள் பத்துப் பதினைந்துதான், ஆனால் பிழைகள் அறுபது எழுபது. மீதியை உள்ளடக்கம் சொல்ல வேண்டும். 2016இல் வந்து 2023 ஜூலையில் ஆர்எஃப்சி 9457ஆகப் புதுப்பிக்கப்பட்ட 'ப்ராப்ளம் டீடெயில்ஸ்' வடிவத்தையே எடுத்தோம்: டைப், டைட்டில், ஸ்டேட்டஸ், டீடெயில், இன்ஸ்டன்ஸ் என்று ஐந்து பெட்டி. நாங்களே ஒரு வடிவம் கண்டுபிடித்திருந்தால் அதற்கும் மூன்று நாள் வாதாடியிருப்போம்.

இதில் நம் நாட்டுக்காரர் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது டைப். எங்கள் பழைய ஆப் ஒரு பிழையை அடையாளம் காண ஆங்கில வாக்கியத்தையே ஒப்பிட்டுப் பார்த்தது. சிங்களத்திலும் தமிழிலும் செய்திகளை மொழிபெயர்த்து வெளியிட்ட அன்றே தமிழ் தெரிவுசெய்த பயணிகளுக்கு ஆசன வரைபடம் புதுப்பிக்கப்படாமல் நின்றுவிட்டது. தங்கள் மொழியில் பாவிக்க விரும்பியவர்களுக்கே ஆப் உடைந்தது. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. டைப் என்பது மாறாத முகவரி, கோட் அதை மட்டும் வாசிக்கும். டீடெயில் மனிதருக்கானது, மூன்று மொழியிலும் எப்படி வேண்டுமானாலும் திருத்தி எழுதலாம், எந்த ஆப்பும் உடையாது.

பழைய ஆப் இன்னும் மக்கள் கையில்

புதிய எண்களை ஒரே நாளில் மாற்றினால், பெரும்பாலும் 200ஐயே அறிந்த பழைய பதிப்பு தடுமாறும். ஆப்பைப் புதுப்பிக்காதவர்கள் பலர். போனில் இடமில்லாதவர்களும், டேட்டா செலவைப் பார்க்கிறவர்களும். அவர்களைக் குறைசொல்ல முடியாது. அதனால் புதிய ஆப் தன் பதிப்பை ஹெடரில் சொல்கிறது. சொன்னவர்களுக்குப் புதிய எண், சொல்லாதவர்களுக்குப் பழைய 200. முதலில் மாற்றியது பணம் கட்டும் முகவரி, அடுத்தது டோக்கன். தேடலும் பட்டியலும் இன்னும் பழையபடியே இருக்கின்றன, அவற்றுக்கு அவசரம் இல்லை. பழைய பதிப்பிலிருந்து வருகிற பணக் கோரிக்கைகளுக்கு மட்டும் பயணியின் இலக்கம், பஸ், ஆசனம் மூன்றையும் சேர்த்து சேர்வரே ஒரு சாவியை உண்டாக்கிக்கொள்கிறது, அவர்களுக்கும் இரண்டு தடவை பணம் கழியாமல் இருக்க.